டிரெஸ்டனில் ஒரு தட்டு அதிகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அது தானாகப் படியேறி வந்தது, கதவைத் தட்டியது, அடுக்களை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது, "டீ இருக்கா?" என்று கேட்டது. அதன் பெயர் லெஷெக். எனக்குக் கீழ்வீட்டுக்காரன், ஜெர்மன் எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் லெக்னிட்சா நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் மனைவி கிரஷீனா, டிரெஸ்டனில் ஒரு ஜெர்மன் கிழவரைக் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய் நிற்க வேண்டும், அதற்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வந்தான்.

எழுத்தாளனிடம் போய் எவனாவது பயணத் திட்டம் கேட்பானா? இவன் கேட்டான்.

"பஸ் டிக்கெட்டு நானே போட்டுக்குவேன் எழுத்தாளரே. எறங்குனப்பறம் என்ன நடக்கும்னுதான் தெரியல. நீங்க அதைக் கதையா எழுதிக் குடுங்க. நான் அப்படியே பண்ணிட்டு வந்துடறேன்."

ஆக, நீங்கள் படிப்பது கதையும்தான், திட்டமும்தான். நான் தப்பாக எழுதினால் ஒரு மனிதன் தப்பான வாசலில் போய் நிற்பான். இப்படியொரு பொறுப்போடு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. கை நடுங்கியது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் எனக்கு ஆசையில் மூக்கு வேர்த்தது.

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினேன்.

"டிரெஸ்டன் நகரத்துக் கூரைகளின்மேல் வெண்பனி பஞ்சு பஞ்சாக இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலையில்" என்று முதலாவது. அதோடு நிறுத்திவிட்டேன். டிசம்பரில் அங்கே பெரும்பாலும் மழைதான், அதுவும் நசநசவென்று. வாழ்த்து அட்டையில் பெய்கிற பனிக்கெல்லாம் நான் பொறுப்பேற்க முடியாது.

"லெஷெக் பொறாமைக்காரன் இல்லை" என்று இரண்டாவது. இதை அவனிடமே படித்துக் காட்டினேன். பேனாவைப் பிடுங்கி, 'இல்லை' என்ற சொல்லை அழுத்தி அடித்தான். "எதுக்குப் பொய்யி?" என்றான்.

மூன்றாவதுதான் நீங்கள் இப்போது படித்து முடித்தது.

2

நவம்பர் கடைசியில் கிரஷீனா ஃபோன் பண்ணினாள். லெஷெக் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவன் இதை என்னிடம் பல தடவை சொன்னான், ஒவ்வொரு தடவையும் ஒரு சொல்கூட மாறவில்லை. பொறாமைக்காரனுக்கு இருக்கிற ஞாபகசக்தி எழுத்தாளனுக்குக் கிடையாது.

"கோயில்ல கிறிஸ்துமஸ் அப்பம் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"அதை ஒரு கவர்ல போட்டு இங்க அனுப்பிடு. நடுவுல அட்டை வெச்சு அனுப்பு, நொறுங்கிடப் போவுது."

"அப்போ நீ வரல?"

"அதான் சொன்னேனே லெஷெக். இந்தத் தடவை தோதுப்படல. லோத்தருக்கு யாரும் இல்ல."

லோத்தர்! போன வருஷம்வரை அந்த ஜெர்மன் கிழவர் 'ஹெர் வெண்ட்லர்', மரியாதையாகத் திரு. வெண்ட்லர். அதற்கு முன்னால் 'அந்தப் பெரியவர்'. இப்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். லெஷெக் அதையும் விழுங்கிக்கொண்டிருப்பான். அவள் விடவில்லை.

"ரெண்டா அனுப்பு."

"ரெண்டு எதுக்கு? ஒனக்கு ஒண்ணு போதாதா?"

"எனக்கு நானே பிட்டுக் குடுத்து, எனக்கு நானே வாழ்த்துச் சொல்லிக்கவா? பைத்தியமா எனக்கு?"

மற்றவர்களுக்கு எப்படியோ, எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. டிசம்பர் இருபத்து நாலு மாலையில், சாப்பிட உட்காருவதற்கு முன்னால், காகிதம்போல மெல்லிசான அந்த வெள்ளை அப்பத்தை எதிரெதிரே நின்று பிட்டுக்கொள்கிறோம். ஒருத்தர் கையில் இருப்பதை இன்னொருத்தர் ஒடித்து வாயில் போட்டு, கண்ணைப் பார்த்து, வருகிற வருஷத்துக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறோம். வருஷம் முழுக்கப் பேசாத அண்ணன் தம்பிகூட அன்றைக்குப் பேசியாக வேண்டும். கிரஷீனா முதலில் பிட்டுக்கொள்வது லெஷெக்கோடுதான். கல்யாணமான நாளாக.

இதோடு போயிருந்தால் அவன் கவரில் போட்டு அனுப்பியிருப்பான், நானும் வேறு கதை எழுதப் போயிருப்பேன். அப்போது ஃபோனுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல் ஜெர்மனில் ஏதோ சொன்னது. கிரஷீனா சிரித்தாள்.

"ஒதட்டுச் சிரிப்பு இல்ல எழுத்தாளரே. மூச்சு முட்டி, மூக்கால ஒரு சத்தம் வந்து, கடைசில 'ஐயோ போதும்'னு முடியும் பாருங்க, அந்தச் சிரிப்பு. அதை நான் கேட்டு எத்தனை வருஷமாச்சு! சரி, வயசாச்சு, அது தீந்துபோச்சுன்னு நெனச்சிருந்தேன். தீரல. அங்க கொண்டுபோயி வெச்சிருக்கா."

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. டீக்கோப்பையைப் பார்த்தான்.

அப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டான். போடவில்லை. அட்டை வைத்த கவர் அவன் சட்டை அலமாரியில் இருக்கிறது. நானே கொண்டுபோகிறேன் என்று அப்போதே முடிவு பண்ணியாயிற்று.

3

லோத்தர் எனக்குச் சரியாக வரவில்லை.

ஒரு பொறாமைக் கதைக்குப் போட்டிக்காரன் வேண்டும். என் கையில் இருப்பது எண்பத்தாறு வயதுக் கிழவர். ஓய்வுபெற்ற பல் வைத்தியர், வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. மூக்கின்மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் காணோம் என்று கூப்பிடுவார். இவரை வைத்துக்கொண்டு நான் யார் வயிற்றை எரிய வைப்பது?

லெஷெக்கின் அக்கா ஹலினா அதையேதான் கேட்டாள். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறாள். தம்பி என் வீட்டுக்கு ஏறுகிறான் என்று தெரிந்தால் பின்னாலேயே ஏறிவிடுவாள்.

"டேய், கால் கழுவிவிட ஆள் தேடற கெழவனைப் பாத்து வயிறு எரியுற மொத ஆளு நீதான்டா! வெளில சொல்லாதே, பணிமனைல கைகொட்டிச் சிரிப்பானுங்க."

"ஒனக்கு என்னக்கா தெரியும்? ஆளு நல்ல உயரம்."

"நீ பாத்தியா?"

"கொரல்லயே தெரியுது."

வேடிக்கை என்னவென்றால், லெஷெக் வாயில் அந்தக் கிழவருக்கு வாரத்துக்கு வாரம் வயது குறைந்துகொண்டே வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் எண்பத்தாறு. அடுத்த வாரம், "எண்பது இருக்குமா? சந்தேகந்தான்." அதற்கடுத்த வாரம் கைத்தடி காணாமல் போயிற்று. நேற்று முன்தினம் லோத்தர் பியானோ வாசிக்க ஆரம்பித்திருந்தார். இன்னும் ஒரு வாரம் விட்டால் குதிரையில் ஏறியிருப்பார்.

[ஒரு வரைவில் நான் லோத்தரைக் கொன்றுவிட்டேன். மாரடைப்பு, டிசம்பர் நடுவில், வலியில்லாமல். கதை ஒரே பக்கத்தில் முடிந்துபோனது. லெஷெக் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "செத்தா இன்னும் மோசம். வருஷா வருஷம் அவனுக்கு மெழுகுவத்தி கொளுத்துவா. உசுரோட இருக்கட்டும்" என்றான். சரி, இருக்கட்டும்.]

பொறாமையில் ஒரு சௌகரியம், அதற்கு எதிராளி தேவையே இல்லை. நான் அதைப் புரிந்துகொள்ள மூன்று வரைவுகள் ஆயின. இவனை எரிப்பது லோத்தரின் உயரமும் இல்லை, பியானோவும் இல்லை. ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருக்கிற இடத்துக்குத்தான் இவன் டிக்கெட் போடுகிறான். போய்ப் பார்த்து, அது தனக்கும் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இல்லை என்றால் அவள் வீடு இனி அதுதான். இதற்குமேல் இந்தக் கதையில் எதுவும் இல்லை. இருக்கிறது என்று நான் எங்காவது பாவனை செய்தால் நம்பாதீர்கள்.

4

கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டை மீன் வாங்க லெஷெக்கும் ஹலினாவும் போனபோது, வரிசையில் செலினா நின்றுகொண்டிருந்தாள்.

செலினா யார் என்றால், டிரெஸ்டன் வேலையில் கிரஷீனாவுக்கு மாற்று ஆள். இவள் இரண்டு மாதம், அவள் இரண்டு மாதம் என்று முறை வைத்துப் போய் வருகிறார்கள். ஒருத்தி இங்கே இருந்தால் மற்றவள் அங்கே. லெஷெக்குக்கு அவளைப் பார்த்ததும் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. ஹலினாதான் கேட்டாள்.

"ஏண்டி செலினா, இது ஒன் முறையாச்சே? நீ அங்க இருந்து, எங்காத்துக்காரி இங்க வந்திருக்கணுமே?"

[திருத்தம்: 'எங்க கிரஷீனா' என்று போட வேண்டும். ஹலினா 'எங்காத்துக்காரி' என்று பேசுகிறவள் இல்லை. அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

"அதான் அவ மாத்திக்கிட்டாளே!" என்றாள் செலினா.

லெஷெக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். "மாத்திக்கிட்டாளா? வேலைக்கு அனுப்பற ஏஜென்சில சொன்னதுன்னு நெனச்சேன்."

"ஏஜென்சியா? யாரு சொன்னா? அவளா ஃபோன் பண்ணினா. 'செலினா, இந்தக் கிறிஸ்துமஸை எனக்குக் குடுத்துடு'ன்னா. எனக்கென்ன, கசக்குமா? இந்தா எடுத்துக்கோன்னு குடுத்துட்டேன்." அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன், ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்றான் லெஷெக். "மறந்துட்டேன்."

வரிசை நகர்ந்தது. மீன்காரி என்ன வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் தனியாளாக இருப்பவன், தொட்டியில் இருந்ததிலேயே பெரிய மீனைக் கைகாட்டினான். ஹலினா அன்றைக்கு ஒன்றும் கிண்டல் பண்ணவில்லை. மீனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

[இந்தக் கிறிஸ்துமஸை எனக்குக் குடுத்துடு. இந்தக் கதையிலேயே நல்ல வாக்கியம் இதுதான். நான் எழுதியதில்லை. மீன் வரிசையில் நின்ற ஒரு பெண், இன்னொரு பெண் சொன்னதாகச் சொன்னது. மேசையில் உட்கார்ந்து பேனாவைக் கடிக்கிறவனுக்கு இது கிடைக்காது. எனக்கும் வயிறு இருக்கிறது, அதுவும் எரியும்.]

5

அன்றைக்கு மாலை லெஷெக், ஹலினா, நான் மூன்று பேரும் என் அடுக்களையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

பேருந்து மத்தியானம். இருட்டுகிற நேரத்துக்கு டிரெஸ்டன். கல்யாணக் கோட்டு இப்போது பொத்தான் மாட்டவில்லை, அதனால் ஹலினாவின் கணவருடைய கோட்டு. கையில் என்ன கொண்டுபோவது என்று பெரிய சண்டை.

"பீட்ரூட் சூப்பு ஒரு ஜாடி, முட்டைக்கோசுக் கொழுக்கட்டை ஒரு டப்பா. நான் செஞ்சு தர்றேன்" என்றாள் ஹலினா. "ஜாடியை மடில வெச்சுக்கோ. பைல வெச்சே, ஜெர்மனி பூரா செவப்பாயிடும்."

"அவ அங்க சமைக்க மாட்டாளாக்கா?"

"அந்தக் கெழவன் அன்னிக்கு உருளைக்கெழங்கு சாலடும் சாசேஜும்தான்டா தின்பான். அவங்க வழக்கம் அது."

"நோன்பன்னிக்குக் கறியா!" லெஷெக் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இவளும் தின்பாளா?"

"அதையும் போய்ப் பாத்துட்டு வா. ஒரேடியா எல்லாத்துக்கும் சேத்துப் பொருமலாம்."

எல்லாம் ஆயிற்று. ஆனால் கதவைத் திறந்ததும் அவன் என்ன சொல்வது? நீ ஏன் முறையை மாற்றிக்கொண்டாய் என்று கேட்டால் சண்டை. கேட்காவிட்டால் நெஞ்சு வெடிக்கும். சும்மாதான் வந்தேன் என்றால் கிரஷீனா நம்புகிற ஆள் இல்லை. அங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன், அது என் யோசனைதான்.

"அன்னிக்கு மேசைல ஒரு தட்டு அதிகமா வெப்போம்ல?" என்றேன்.

எதிர்பாராத விருந்தாளிக்கான தட்டு. எல்லா வீட்டிலும் வைப்பார்கள். அன்றைக்கு யார் கதவைத் தட்டினாலும் திருப்பி அனுப்பக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம். நான் வைத்த தட்டை வருஷா வருஷம் கழுவாமலே திரும்ப அடுக்கியிருக்கிறேன்.

லெஷெக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போறேன், மணியடிக்கறேன், 'விருந்தாளி வந்திருக்கேன்'னு நிக்கறேன். துரத்த முடியாது. ஏன் வந்தேன்னு கேக்க முடியாது. நேரா போயி அந்தத் தட்டுல உக்காந்துடுவேன்!"

"வழக்கம்னா வழக்கந்தான்" என்றேன்.

"வெச்சிருப்பாளா எழுத்தாளரே?"

"கிரஷீனாவா? வெக்காம இருப்பாளா!"

"வெக்கலன்னா?"

ஹலினா டீக்கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனாள். அங்கே இரண்டே இரண்டு தட்டு இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

6

வரைவு. அடித்தல் திருத்தல்களோடு அப்படியே தருகிறேன்.

மழை. மூன்றாவது மாடி. பெயர்ப்பலகையில் 'வெண்ட்லர்' என்று மட்டும் இருந்தது. லெஷெக் ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மணியடித்தான்.

கதவைத் திறந்தது கிரஷீனா. புதிதாக ஒரு நீல உடுப்பு [நிறத்தை மாற்று, நீலம் அவளுக்குப் பிடிக்காது] ஒரு பச்சை உடுப்பு. தலையைத் தூக்கி முடிந்திருந்தாள். ஒரு கணம் அவளுக்கு ஆளே அடையாளம் தெரியாததுபோல் இருந்தது. அல்லது அவனுக்கு—

"நீயா?"

"அப்பம் கொண்டாந்திருக்கேன்."

"தபால்ல போட்டுட்டேன்னே?"

"நாந்தான் தபால்காரன்."

அவள் சிரிக்கவில்லை. [சிரிக்க வைக்கலாமா? வேண்டாம். ஒரு நகைச்சுவைக்குக் கிடைத்துவிடுகிற சிரிப்பு என்றால் இவன் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதே இல்லை.] நகர்ந்து வழி விட்டாள்.

உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. லோத்தர் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். சின்ன ஆள். நாற்காலியில் பாதிதான் இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு தட்டு. எதிரே கிரஷீனாவின் தட்டு. ஜன்னல் பக்கம், யாரும் இல்லாத நாற்காலிக்கு முன்னால், மூன்றாவதாக ஒரு தட்டு.

வைத்திருக்கிறாள்! லெஷெக்குக்கு அப்பாடா என்று இருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் அந்த நாற்காலியை இழுத்தான்.

"அதுல உக்காராதே."

"ஏன்? விருந்தாளிக்குத்தானே வெச்சிருக்கே? எதிர்பாக்காம வந்திருக்கேன்ல?"

"விருந்தாளிக்குத்தான். நீ எனக்கு விருந்தாளியா லெஷெக்?"

அவன் நாற்காலியை விட்டான்.

"வழி தப்பினவன், நாதியத்தவன், பேரு தெரியாதவன் வந்து உக்கார்ற எடம் அது. கல்யாணம் பண்ணிக் கூட இருந்தவன் அதுல வந்து உக்காந்தா நான் என்னன்னு நெனைக்கறது? சரி, விருந்தாளின்னா விருந்தாளி. உக்காரு, சாப்புடு, நல்லாருக்குன்னு சொல்லு, காலைல பஸ்ஸேறு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். புருஷனா வந்திருக்கேன்னா, உள்ள போயி ஒனக்கு ஒரு தட்டு எடுத்துட்டு வா."

லெஷெக் சமையலறைக்குள் போனான். பின்னால் லோத்தர் ஏதோ கேட்டார், கிரஷீனா ஜெர்மனில் பதில் சொன்னாள். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சுவர் முழுக்க அலமாரி, எல்லாக் கதவும் ஒரே மாதிரி வெள்ளை. எந்தக் கதவுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று அந்தக் கிழவருக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது. தன் பெண்டாட்டி புழங்குகிற அடுக்களையில் தட்டு எங்கே இருக்கும் என்று தெரியாமல் நின்றான். பிறகு இடது பக்கத்துக் கதவைப் பிடித்து

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

7

லெஷெக் இதை நின்றுகொண்டே படித்தான். படித்து முடித்துக் காகிதத்தை என்னிடமே நீட்டினான்.

"வேற எழுதுங்க. ஓடி வந்து கட்டிப்புடிச்சு அழற மாதிரி."

எழுதினேன். கட்டிப்பிடித்தாள், அழுதாள், என்னை மன்னித்துவிடு என்றாள், அன்றைக்கே மூட்டை கட்டினாள். பாதி படித்துவிட்டுக் காகிதத்தைக் கீழே வைத்தான். "யாரு இந்தப் பொம்பள?"

இன்னொன்றும் எழுதினேன். இவன் அங்கே போகிற பேருந்தில், அவள் இங்கே வருகிற பேருந்தில். இரண்டும் எல்லைப் பாலத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன, கண்ணாடியில் நீராவி, யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஹலினா அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதை டிவில போட்டுட்டான்" என்றாள்.

லெஷெக் மறுபடியும் முதல் வரைவைக் கையில் எடுத்தான். இந்தத் தடவை மெதுவாகப் படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நீலம் அவளுக்குப் புடிக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

நீங்கள் என்பது போய் ஒனக்கு என்று ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? நானும் கவனித்தேன்.

"சும்மா எழுதினேன் லெஷெக். ஒரு ஊகம்."

"அவளுக்கு நீலம் புடிக்காது. அது எனக்குத் தெரியும், அக்காவுக்குக்கூடத் தெரியாது." காகிதத்தைத் தட்டினான். "அப்பறம் இது. 'நீ எனக்கு விருந்தாளியா லெஷெக்?' இப்படித்தான் கேப்பா. மொட்டையா, கொரலை ஒசத்தாம, பேரைக் கடைசில சொல்லி. அப்படியே அவ வாயி. எங்க கேட்ட?"

"டேய், அவரு எழுதறவருடா" என்றாள் ஹலினா.

"நீ சும்மா இருக்கா. கதை விடாம சொல்லு எழுத்தாளரே, எங்க கேட்ட?"

அடுக்களைச் சுவரின் மேலே, கூரையை ஒட்டி, காற்றுப் போகிற சின்னத் துவாரம் இருக்கிறது. எல்லா மாடிக்கும் ஒரே புகைக்குழாய். கீழே பேசினால் மேலே கேட்கும். இந்தக் கட்டடத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், மரியாதைக்காக யாரும் சொல்வதில்லை. கையை நீட்டி அதைக் காட்டினேன்.

"என்னென்ன கேக்கும்?"

"எல்லாம் கேக்கும்."

அவன் அந்தத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவன் வேறு கேட்டான், அதுவும் ரொம்ப மெதுவாக.

"நான் வேலைக்குப் போயிருக்கறப்ப... அவ எப்பவாச்சும் சிரிச்சிருக்காளா? அந்த மாதிரி?"

"இல்ல" என்றேன்.

[உங்களிடம் மட்டும்: சிரிப்பாள். அவள் ஊரில் இருக்கிற மாதங்களில், மத்தியான வேளைகளில், ரேடியோ கேட்டுக்கொண்டு தனியாக. மூச்சு முட்டி, மூக்கால் ஒரு சத்தம் வந்து, "ஐயோ போதும்" என்று முடியும். அந்த மாதங்களில் நான் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுவேன். அவள் டிரெஸ்டன் போய்விட்டால் முன்னறைக்குப் போய்விடுவேன், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று. லோத்தரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். லெஷெக்குக்கு அப்பம் பிட்டுக்கொள்ளக் கிடைக்கிறாள். எனக்கு ஒரு துவாரம். இந்தக் கதையில் யாருக்கு அதிகம் வயிறு எரிகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். அந்தச் சிரிப்பை நான் அவனுக்குத் தருவதாக இல்லை. உங்களுக்குச் சொன்னதே அதிகம்.]

லெஷெக் நான் சொன்னதை நம்பினானா என்று தெரியவில்லை. காகிதங்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்துவிட்டு, அக்காவைக்கூடக் கூப்பிடாமல் இறங்கிப் போனான்.

8

இருபத்து நாலாம் தேதி காலையில் மறுபடியும் வந்தான். அக்கா வீட்டுக்காரரின் கோட்டு தோளில் தொளதொளவென்று இருந்தது. ஜாடியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"முடிச்சிட்டியா?"

முடித்திருந்தேன். இத்தனை நாளில் அந்த அலமாரிக் கதவை எத்தனையோ விதமாகத் திறந்து பார்த்துவிட்டேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. நல்ல முடிவு, நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன்.

"இந்தா. தட்டு எங்க இருக்குன்னா—"

"சொல்லாதே."

காகிதத்தை வாங்கினான். படிக்கவில்லை. ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, அதை நாலாகக் கிழித்து, துண்டுகளை என் கையிலேயே கொடுத்தான்.

"அந்தக் கதவை நீ தொறக்காதே. அது எம் பொண்டாட்டி அடுக்கி வெச்ச அலமாரி. தேடணும்னா நான் தேடிக்கறேன்."

"லெஷெக், அந்த மூணாவது தட்டே நான் எழுதினதுதான். நெஜத்துல அங்க ரெண்டு தட்டுதான் இருக்குன்னா என்ன பண்ணுவே?"

குனிந்து ஜாடியின் துண்டைச் சரிபண்ணினான். "ரெண்டு இருந்தாலும் மூணு இருந்தாலும் என் தட்டை நாந்தானே எடுத்துட்டு வரணும்?"

ஜாடியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். முதல் திருப்பத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான். "இனிமே முன்னறைல ஒக்காந்து எழுது" என்றான். அது வேண்டுகோள் மாதிரி இல்லை.

நான் கிழிபட்ட பக்கத்தை ஒட்டி இங்கே போட்டுவிடலாம். மனப்பாடமாகவும் இருக்கிறது. ஆனால் அவன் அந்தச் சமையலறையில் நிற்கும்போது என் வாக்கியம் அவனுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிடக் கூடாது. இந்த ஒரு கதவையாவது அவன் முதலில் திறக்கட்டும்.

உங்களுக்கு அந்தத் தடை இல்லை. மழை பெய்கிறது, மூன்றாவது மாடி, எல்லாக் கதவும் வெள்ளை. உள்ளே போய் எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள், லோத்தருக்கு ஒரு வணக்கம் வையுங்கள், தட்டை எங்கே வைக்கலாம் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கிரஷீனா சிரித்தால் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவனுக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.